வெறுந்தரையில் பனி

வட சுவீடனில் உறைந்துபோன ஓர் ஏரியின்மேல், கம்பத்தில் தொங்கிய கருவி தனக்குக் கீழே பனி எவ்வளவு உயரம் என்று அளந்து லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கு அங்கே போகும்போதெல்லாம் கௌசிகன் மதியத்தில் அதன் கீழே போய் நிற்பான். லண்டன் ஆய்வுக்கூடத்தில் அவன் மனைவி துஷ்யாவின் திரையில் பனி சட்டென்று ஓர் ஆள் உயரத்துக்கு ஏறும். உடனே போன் வரும்.

“நிக்கிறன், தெரியுதோ?”

“ஓம், தெரியுது. சாப்பிட்டனீங்களோ?”

அறிக்கை எழுதும்போது அந்த எண்களை அவள் மறக்காமல் நீக்கிவிடுவாள்.

மார்ச்சில் ஏரியின் பனிக்கட்டி பிளந்து கௌசிகன் உள்ளே போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. கருவியைக் கழற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள்.

ஜூலையில் அதைச் சோதிப்பதற்காக ஆய்வுக்கூடத்தின் கூரையில் தொங்கவிட்டார்கள். கீழே வெறுந்தரை. காலை முழுக்கத் திரையில் பூச்சியம். மதியம் பனி ஏறி, கௌசிகனின் உயரத்தில் நின்றது.

“ஏதோ கோளாறு. ரிப்பேருக்கு அனுப்பிடலாம்” என்று சொல்லிவிட்டு, கூட வேலை செய்யும் செல்வமணி சாப்பிடப் போனார்.

துஷ்யா எழுந்து கருவியின் கீழே போய் நின்றாள். எண் மாறவில்லை. அவள் கௌசிகனின் தோள் உயரம்தான். அவள் மெல்லப் பேசுவாள். ஒவ்வொரு தடவையும் அவன் தலையைக் குனிந்துதான் கேட்பான்.

“சாப்பிட்டனீங்களோ?” என்றாள், வழக்கம்போல மெல்ல.

திரையில் எண் கொஞ்சம் இறங்கியது.