காற்றாலைக்கு ஓர் இடம்

ஒரு பொட்டல்காட்டில் ஆள்காட்டிக் குருவி ஒன்று இருந்தது. ஓடி ஓடிப் பார்த்து அந்தக் காடு முழுவதையும் மணலில் படமாக வரைந்திருந்தது. எல்லோருக்கும் வழி சொன்ன அதையே காடு தலைவியாகவும் தேர்ந்தெடுத்தது.

அந்தக் கோடையில் குட்டை வற்றிப்போனது. அப்போது வண்டியில் ஒரு காற்றாலை வந்து இறங்கியது.

"காற்றடிக்கும் இடமாகக் கொடுங்கள். தண்ணீர் இறைத்துத் தருகிறேன்!"

எல்லோரும் துள்ளிக் குதித்தார்கள். "அவரவருக்கு வேண்டிய இடத்தைப் படத்தில் வட்டமிடுங்கள். மிச்சத்தில் காற்றாலை நிற்கட்டும்" என்றது குருவி.

நரி மேடு முழுவதையும் வளைத்துப் போட்டது. முயல் புல்வெளியை எடுத்துக்கொண்டது. உடும்பு பாறைகளை விடவில்லை. காற்றாலை நிற்க மிச்சமே இல்லை.

"அப்போ நான் கிளம்பட்டுமா?" என்றது காற்றாலை.

"இரு, என் வட்டம் பாக்கி" என்று குருவி ஓரமாகச் சின்னதாய் ஒன்று போட்டது.

"தலைவியம்மா, இவ்வளவுதானா?" என்றது நரி.

"நான் உட்கார இவ்வளவு போதுமே!"

நரி தன் வட்டத்தைப் பார்த்தது. "மேட்டின் வடக்குப் பக்கம் நான் போவதே இல்லை" என்று முணுமுணுத்து வாலால் பாதியை அழித்தது. "என்னுடையதையும் அழி!" என்று கத்திக்கொண்டு முயல் ஓடிவந்தது.

வடக்கு மேட்டில் காற்றாலை நின்றது. இறக்கைகள் சுழன்றன. குபுகுபுவென்று தண்ணீர் வந்தது. குருவி படத்தில் குட்டையின் கரையை வரைந்தது, அழித்தது, இன்னும் தள்ளி வரைந்தது.

"நில்லேன்! பெரிதாகிக்கொண்டே போகிறாயே!" என்று தண்ணீரைப் பார்த்துக் கூவியது.