மூன்றாவது கோடு

வருடா வருடம் கேட்ட பழக்கத்தில், தேசியப் பூங்கா வாசலில் டீச்சரின் வாயிலிருந்து "ரெண்டு பைனாகுலர்" என்று வந்துவிட்டது. கணவர் தவறிப்போய் ஆறு மாதம் ஆகிறது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பைனாகுலரை வாடகைக்குக் கொடுப்பவர் இரண்டிலும் வலது கண் வளையத்தைத் திருகி நடுக்கோட்டில் நிறுத்தினார். பார்வை மங்கியவர்கள் தங்கள் கண்ணுக்குத் தகுந்தபடி திருப்பிக்கொள்கிற வளையம் அது.

மலை உச்சியில் ஆள் நடமாட்டமே இல்லை. ஒன்றைப் பெஞ்சில் தன் பக்கத்திலேயே வைத்துவிட்டு, டீச்சர் மற்றதில் பார்த்தாள். எதிர்ச்சரிவில் நாலைந்து காட்டெருமைகள் மேய்ந்தன.

"அதோ பாருங்க" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு இறங்கி வந்து இரண்டையும் திருப்பிக் கொடுத்தாள். வாடகைக்குக் கொடுப்பவர் ஒன்றின் வளையத்தைப் பார்த்தார்.

"சார் இந்த வருஷமும் மூணாவது கோட்டுல வச்சிருக்கார். கண்ணு இன்னும் சரியாகலையா?"

பெஞ்சில் வைத்திருந்ததை டீச்சர் வாங்கிப் பார்த்தாள். மூன்றாவது கோடுதான்.

"சார் எங்கம்மா? கேட்டைப் பூட்டணும்."

பாதையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க. அவருக்கு முட்டி வலி. இறக்கத்துல மெதுவாத்தான் வருவார்."