ஒரு விளம்பரமும் வரக்கூடாது

“லேப்டாப் நல்லாத்தானேம்மா ஓடுது. இதுல என்ன ரிப்பேர்?”

கடைக்காரர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். மேஜை நிறைய, வயிறு திறந்து கிடந்த கம்ப்யூட்டர்கள். எதிரே ஸ்டூலில் அந்த அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நெட்டு மெதுவா இருக்கு தம்பி. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் விளம்பரமா வந்து குதிக்குது. அதை நிறுத்திட்டா வேகமாயிடும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க.”

“உண்மைதான். ஆட் பிளாக்கர்னு ஒண்ணு இருக்கு, போட்டுட்டா பாதி சுமை குறைஞ்சிடும். இது உங்களுதா?”

“மருமகளோடது. நாளையிலேர்ந்து மறுபடியும் வேலை பாக்கப்போறா. வீட்டுலேர்ந்தே பாக்கிற வேலை.”

“நீங்க கொண்டு வந்தது அவங்களுக்குத் தெரியுமா?”

“பாஸ்வேர்டே அவதான் சொல்லி அனுப்பினா. வேகமாக்கிக் கொண்டு வர்றேன்னு வாங்கிட்டு வந்தேன்.”

கடைக்காரருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சிரித்துக்கொண்டார்.

“புரியுதும்மா. என் வீட்டுலயும் இதே கூத்துதான். விளம்பரத்தைப் பாத்துப் பாத்தே வாங்கிக் குவிக்கிறாங்க. வாயைத் திறந்து சொன்னா சண்டை. நீங்க சத்தமில்லாம காரியத்தை முடிக்கிறீங்க, கெட்டிக்கார மாமியார்தான்.”

அம்மாள் மடியிலிருந்த பையின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

“விளம்பரத்தை நம்பியே நடக்கிற நல்ல தளங்களும் இருக்கும்மா. அதுல மட்டும் வரட்டும்னு விட்டு வைக்கட்டுமா?”

“வேண்டாம் தம்பி. ஒண்ணு கூட வரக்கூடாது. இதுக்கு முன்னாடி அவ தேடினதையும் அழிக்க முடியுமா?”

“தாராளமா. அதை அழிக்கிறது நல்லதுதான். நாம ஒண்ணைத் தேடினதை நாமே மறந்தாலும் இதுங்க மறக்காது. போற இடமெல்லாம் பின்னாலேயே வரும்.”

“ஆமா தம்பி, வருது” என்றார் அம்மாள்.

வீட்டில் மருமகள் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அம்மாள் லேப்டாப்பை அவள் முன்னால் வைத்துவிட்டு, துவைத்த துணிகளை மடிக்க உட்கார்ந்தார்.

“நாளைக்கு வேலை இருக்கேம்மா. வேகமா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடு.”

மருமகள் தயங்கித் தயங்கித் திறந்தாள். செய்தித்தாள் பக்கம் சட்டென்று வந்தது. வானிலையைத் தட்டினாள். பிறகு ஏதோ ஒரு கதை. ஒவ்வொன்றையும் அடிவரை நகர்த்திப் பார்த்தாள். பக்கத்தின் ஓரங்கள் வெறும் வெள்ளையாக இருந்தன.

“இருக்காம்மா?” துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே அம்மாள் கேட்டார்.

மருமகள் எழுந்து வந்து தரையில் அவரருகே உட்கார்ந்தாள்.

“நான் யார்கிட்டயும் சொல்லலையே அத்தை. எங்க அம்மாகிட்ட கூட சொல்லல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“திறப்பே, உடனே மூடுவே, போய் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விடுவே. அன்னைக்கு ஒருநாள் மூடாமப் போயிட்டே. அப்போ பாத்தேன்.”

“வேலையில சேரவே பயந்துட்டு இருந்தேன். உங்களுக்கு நான் என்ன சொல்றதுன்னே தெரியல அத்தை.”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். இப்படி உக்காரு.”

மருமகள் அவர் மடியில் தலை சாய்த்துக்கொண்டாள். பிறந்த அன்றே குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு வெறும் கையோடு வீடு திரும்பியவளிடம், தொட்டில் வாங்கியாயிற்றா என்று இனி எந்தப் பக்கமும் கேட்காது.