ஏழாவது பெயர்

நூலகத்தின் பின்னறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேசை முன்னால் வரலாற்று டீச்சர். ஜன்னலோரம் அவருடைய ஆய்வு மாணவி. கதவருகே முக்காலியில், ஊரே ‘பசை மாமா’ என்று கூப்பிடும் பைண்டர், மாணவியின் ஆய்வேட்டுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். வெளியே சன்னமாக மழை.

“வெள்ள நினைவுத் தூண்ல பதினோரு பேர் இருக்கு டீச்சர். அதுல ஏழாவது ஆள் சாகவே இல்ல. வெள்ளம் வந்து பத்து வருஷம் கழிச்சுப் பத்தாவது பாஸ் பண்ணியிருக்கார். பள்ளிக்கூடப் பதிவேட்டுல பார்த்தேன்,” என்றாள் மாணவி.

“செத்தவர் பரீட்சை எழுதினாராமா? நகராட்சிக்கு எழுதி அந்தப் பேரை எடுக்கச் சொல்லு.”

மாணவி எழுதத் தொடங்கினாள்.

“அன்னிக்குத் தண்ணி சத்தமே போடல,” என்றார் பசை மாமா, தூக்கத்தில் பேசுகிறவர்போல. “தொட்டில் படகாட்டம் வாசலைத் தாண்டிப் போச்சு. பேர்கூட வைக்காத குழந்தை. செத்தவங்களைக் கணக்கெடுக்க வந்தவர் பேரைக் கேட்டப்ப, அப்பா வாயில தோள்ல கிடந்த மூத்தவன் பேர்தான் வந்துச்சு.”

“அந்த மூத்தவர் இப்ப எங்க மாமா?”

“உன் ஆய்வேட்டுக்கு அட்டை ஒட்டிட்டிருக்கான்.”

மாணவி பேனாவைக் கீழே வைத்தாள்.

“எடுத்தா எனக்கொண்ணும் இல்லம்மா. தம்பிக்குத்தான் வேற பேர் கிடையாது.”

மாணவி அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினாள்: ‘தூணில் ஏழாவது பெயர் மங்கியிருக்கிறது. எழுத்துகளைப் புதுப்பித்துத் தரவும்.’

டீச்சர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். பசை மாமா உறையை ஒட்டி, ஓரங்களை விரலால் நீவிக் கொடுத்தார். மாணவி அதை மார்போடு அணைத்தபடி மழையில் இறங்கி, எதிரிலிருந்த தபால் பெட்டியில் போட்டாள்.