தனியாக மீன் பிடிப்பவருக்கு ஒரு கேமரா

கேமராக் கடையில் அவனுக்கு சி.ஐ.டி. என்று பெயர். வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் அவர் எதற்காக வந்திருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவான். பாதி நேரம் தப்பாகத்தான் கண்டுபிடிப்பான். அதனால் அவன் தன்னம்பிக்கைக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

அன்று காலை வந்த பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கேமரா வேணும் தம்பி. ஞாயித்துக்கிழமை ஆனா ஏரிக்கு மீன் பிடிக்கக் கிளம்பிடுவார். தன்னைத்தானே படம் எடுத்துக்கற மாதிரி ஒண்ணு காட்டுங்க."

"கூட யாரும் போக மாட்டாங்களா மேடம்?"

"தனியாத்தான் போறேன்னு சொல்றார்."

சி.ஐ.டி.க்கு மூக்கில் வியர்த்துவிட்டது. வாரா வாரம் தனியாக மீன் பிடிக்கும் கணவன், அதற்கு ஆதாரம் தேடும் மனைவி. இந்தக் கதை அவனுக்குப் புதிதல்ல. போன வருடம் இப்படித்தான் ஒரு மனைவிக்கு, எடுத்த இடத்தையும் நேரத்தையும் படத்தோடு பதிந்து வைக்கும் கேமராவை விற்றுத் தொலைத்தான். ஆபீஸ் வேலையாக வெளியூர் போவதாகச் சொல்லியிருந்த கணவர் வசமாக மாட்டிக்கொண்டார். அடுத்த வாரம் கடைக்கே வந்து, இவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, "என் குடும்பத்தையே கெடுத்துட்டியேடா!" என்று அழுதார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு மனசு என்னவோ செய்யும். இனி எந்த ஆம்பளையையும் மாட்டிவிடுவதில்லை என்று அன்றே முடிவு செய்திருந்தான்.

கல்லாவில் முதலாளி இருந்ததால், எல்லாவற்றையும் எடுத்துக் காட்டத்தான் வேண்டியிருந்தது.

"இது கைக்குள்ள அடங்கும் மேடம். தண்ணில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆனா எங்க, எப்ப எடுத்ததுன்னு தேவையில்லாம எல்லாத்தையும் பதிஞ்சு வைக்கும். பேட்டரி நிக்காது."

"கேமரா எதுக்குத் தம்பி தண்ணில விழப்போகுது?" என்று அதை ஒதுக்கினார் அந்தப் பெண்மணி.

"அப்ப இதைப் பாருங்க. திரையைத் திருப்பி வச்சு, கையை நீட்டி, முகத்தைப் பார்த்துக்கிட்டே எடுத்துக்கலாம்."

"முகம் மட்டும் போதாது. தலையிலிருந்து கால் வரைக்கும் விழணும். புது பூட்ஸ் வாங்கியிருக்கார். அது தெரியலேன்னா விட மாட்டார், தெரியற வரைக்கும் திரும்பத் திரும்ப எடுப்பார். தன் படத்து மேல அப்படி ஒரு பைத்தியம்."

பூட்ஸாவது ஒன்றாவது! பக்கத்தில் யார் நிற்கிறார்கள், யார் கைப்பை கிடக்கிறது என்று பார்க்கத்தான் இந்தத் தலைமுதல் கால்வரை என்று சி.ஐ.டி. புரிந்துகொண்டான். கீழ்த்தட்டில் விலைபோகாமல் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கேமராவை எடுத்துத் தூசி தட்டினான். அது இடத்தைப் பதியாது. அதன் லென்ஸில் ஆளைத் தவிர அக்கம்பக்கம் எதுவும் விழாது.

"ஆள் மட்டும் பளிச்சுனு தெரிவார் மேடம். முழு உருவமும் வேணும்னா கொஞ்சம் தள்ளி நிக்கணும், அவ்வளவுதான்."

"எவ்வளவு தள்ளி?"

கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, பொத்தானை அழுத்திவிட்டு முன்னால் ஓடினான். "பத்து செகண்ட் மேடம். இந்தச் சிவப்பு விளக்கு மின்னுது பாருங்க, அதையே பார்த்துக்கிட்டு இப்படியே பின்னால..."

பின்னாலேயே போனவன் கண்ணாடி அலமாரியில் முதுகை இடித்துக்கொண்டான். அந்தப் பெண்மணி முதல்முறையாகச் சிரித்தார். படத்தில் அவன் முழங்காலோடு நின்றுபோயிருந்தான்.

"கால் தெரியணும்னா இன்னும் பின்னால போகணுமா?"

"ஆமா மேடம்."

"இதையே குடுங்க."

"ரிமோட் சும்மாவே தர்றேன். சார் அவசர அவசரமா ஓட வேண்டியதில்லை."

"வேண்டாம் தம்பி, தொலைச்சிடுவார்."

முகம் தெரியாத ஒரு மனிதரைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் அன்றைக்கு சி.ஐ.டி. ஒரு டீ கூடுதலாகக் குடித்தான்.

இரண்டு மாதம் கழித்து அதே பெண்மணி, கூட ஒரு தோழியோடு வந்தார். மெமரி கார்டை மேஜைமேல் வைத்தார்.

"அவர் தவறிட்டார் தம்பி. ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கற பாறையில நின்னு படம் எடுத்திருக்கார். நீச்சல் தெரியாது. போலீஸ்காரங்க இந்தப் படங்களைப் பார்த்துட்டு விபத்துன்னு எழுதிட்டாங்க. ஒண்ணைப் பெருசாக்கிச் சட்டம் போட்டுக் குடுங்க."

அப்படியானால் அந்த மனிதர் நிஜமாகவே மீன்தான் பிடித்திருக்கிறார், நிஜமாகவே தனியாகத்தான் போயிருக்கிறார். போயும் போயும் அவரைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கப்பட்டபடி சி.ஐ.டி. கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினான்.

முதல் படத்தில், கையில் மீனோடு ஒரு மனிதர் வாயெல்லாம் பல்லாக நின்றார். கால் விழவில்லை. அடுத்ததில் பூட்ஸின் மேல்பாகம் தெரிந்தது. அவருக்குப் பின்னால் பாறை முடிந்து தண்ணீர் தொடங்கியிருந்தது. மூன்றாவது படத்தில் பாறை மட்டும் இருந்தது.

அவன் மெதுவாக நிமிர்ந்தான். அந்தப் பெண்மணி திரையைப் பார்க்கவே இல்லை. கீழ்த்தட்டில் இருந்த கேமராக்களைத் தோழிக்குச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இவ வீட்டுக்காரர் மலையேறப் போவார், அவரும் தனியாத்தான், அதே மாதிரி கேமரா இன்னொண்ணு இருக்கா?"