காற்று திரும்பும் இடம்

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு முன் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி கவின்ராஜ் கொண்டுவந்த, எஞ்சினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள் விரலை விட்டபோது, பூங்கோதைக்கு ஒரு ரப்பர் துணுக்கு தட்டுப்பட்டது. இளஞ்சிவப்பு நிறம். பல் டாக்டர்கள் அச்செடுக்கிற ரப்பர். காற்று நுழையும் வழியில் அதை ஊற்றி, இறுகியதும் உருவினால், அவள் இரண்டு வருடம் அரைத்து அரைத்துக் கண்டுபிடித்த வடிவம் அப்படியே இன்னொருவர் கைக்குப் போய்விடும்.

"இத ஆராச்சும் கழட்டுனாங்களா?"

"ஆரும் தொடலீங்க்கா. புருஷன் சட்டைப் பையத் தடவற மாதிரியில்ல தடவறீங்க!" என்று அவன் சிரித்தான். மூன்று வருடமாக அவள் செய்துதரும் எஞ்சினில்தான் ஓட்டுகிறான்.

வேகமாக வரும் காற்று நேராகவே போகப் பார்க்கும். அந்த வழியின் வளைவில் அடித்தரையை விட்டு விலகிச் சுழன்று தடுமாறும். அதனால் வளைவின் தரையில் மட்டும் அவள் மெல்லிய மேடு ஒன்றை விட்டிருந்தாள். காற்று அதைத் தழுவிக்கொண்டு திரும்பும். அவள் வேலையின் உயிரே அந்த மேடுதான்.

"தப்புப் பண்ணிட்டேன் கவினு," என்றாள். "உள்ள ஒரு மேடு நிக்குது. அத எடுத்தாத்தான் வண்டி பறக்கும். நானே இன்னிக்கு அரைச்சுத் தந்துடறேன்."

"சரிங்க்கா." போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான்.

"எத்தன மில்லிமீட்டருங்க்கா எடுக்கோணும்?"

அரைக்கப்போவது அவள்; இதுவரை அவன் எந்த அளவையும் கேட்டதில்லை. பூங்கோதை மேட்டின் மேல் விரலை வைத்தபடி, எந்தப் பொய் எண்ணைச் சொல்லலாம் என்று யோசித்தாள்.