கனைப்பு

சியோல் அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில், ஜுன்-சோக் தான் பிறந்த வீட்டைக் காகிதத்தால் கட்டியிருந்தான். உண்மையான வீட்டை இடித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மேலிருந்து நூலில் தொங்கிய வெள்ளைச் சுவர்கள், ஆட்கள் நடக்கும்போது மெல்ல அசைந்தன. முதல் நாளே அவனுடைய அம்மா வந்தாள். யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சமையலறைக்குள் நுழையும்போது, அந்த வீட்டில் எப்போதும் குனிந்ததுபோலவே குனிந்தாள். நடையின் கடைசியில், கதவில்லாத ஒரு சுவருக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அண்ணன் ரூம் எங்கடா?"

"இடம் பத்தலம்மா."

அவள் நிமிர்ந்து, மூன்று மாடி உயரத்தில் இருந்த கூரையைப் பார்த்தாள். "ஆமா, பத்தாதுதான்" என்றாள்.

அந்தப் பழைய வீட்டின் அறைக் கதவுகள் மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டியவை. காகிதக் கதவை யாரும் தட்டுவதில்லை, கிழிந்துவிடும். வெளியே நின்று லேசாகக் கனைத்தால் உள்ளே இருப்பவர் குரல் கொடுப்பார். அண்ணனுக்குப் பத்தொன்பது வயதானபோது, ஒரு காலையில், அவன் அறைக்கு வெளியே அம்மா வெகுநேரம் கனைத்துக்கொண்டு நின்றாள். உள்ளிருந்து கடைசிவரை குரல் வரவில்லை. ஜுன்-சோக் அந்த ஓர் அறையை மட்டும் கட்டாமல் விட்டது அதனால்தான்.

இப்போது அவள் வெற்றுச் சுவரைப் பார்த்து ஒருமுறை கனைத்தாள். பின்னால் வந்தவர்கள், அதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்து, ஒவ்வொருவராகக் கனைக்கத் தொடங்கினார்கள். அம்மா திரும்பி உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

"கொஞ்சம் சும்மா இருங்க. அவன் பதில் சொன்னா எனக்குக் கேக்காது."